சாவுக்கு முந்தைய செய்தி

"கல்வராயன் மலையில் சாராய ஊறல் அழிப்பு." கள்ளக்குறிச்சிப் பக்கம் நாளிதழ் வாங்குகிறவர்களுக்குப் பழகிப்போன தலைப்பு இது. கீழே ஏழெட்டு வரிகள். மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு போலீசார் ரோந்து போனார்கள். ஓடையோரம் பிளாஸ்டிக் பேரல்களில் ஊறல் இருந்தது. இத்தனை லிட்டரைத் தரையில் கொட்டி அழித்தார்கள். தப்பியோடியவரைத் தேடி வருகிறார்கள். பக்கத்தில் ஒரு படம்: கவிழ்ந்து கிடக்கும் பேரல், சுற்றிலும் காக்கிச் சட்டைகள். லிட்டர் கணக்கையும் ஊர்ப் பெயரையும் மாற்றிவிட்டால் அடுத்த வாரத்துக்கும் அதுவே ஆகும்.

அந்த வரிகளில் பொய் எதுவும் இருக்க வேண்டியதில்லை. போலீஸ் கொடுத்த பிரஸ் நோட்டை நிருபர் அப்படியே எழுதுகிறார், அவ்வளவுதான். பேரலுக்குப் பணம் போட்டவர் யார், வெல்லமும் கடுக்காயும் எந்தச் செக்போஸ்ட்டைத் தாண்டி மலையேறின, இறக்கிய சாராயம் யார் வண்டியில் கீழே போகிறது, தப்பியோடிய அந்த மனிதர் ஏன் மரவள்ளிக் காட்டை விட்டுவிட்டு ஓடைக்கு வந்தார் என்பதெல்லாம் அதில் வராது. குற்றச் செய்தி முடிந்து அரசியல் செய்தி தொடங்கும் இடம் அதுதான். கள்ளக்குறிச்சியைப் பற்றிய தமிழ் இதழியல் பெரும்பாலும் அந்த இடத்துக்கு முன்பே நின்றுவிடுகிறது. பிணம் விழுந்த பிறகுதான் அதைத் தாண்டிப் போகிறது.

2024 ஜூனில் தாண்டியது. ஜூன் 18 இரவும் 19 பகலும் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மருத்துவமனைக்கு வந்தார்கள். வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். உடலுக்குள் போன மெத்தனால் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. அந்த அமிலம் முதலில் தாக்குவது பார்வை நரம்பை. மெத்தனால் எத்தனாலைவிட மெதுவாகச் சிதைவதால், குடித்துப் பல மணி நேரம் கழித்துத்தான் ஆபத்து தெரியும். மாற்று மருந்து உண்டு; சீக்கிரம் கொண்டுவந்தால் டயாலிசிஸ் செய்து பிழைக்க வைக்கலாம். ஆக, இந்த விஷத்தில் ஒவ்வொரு மணி நேரமும் உயிர்க் கணக்கு.

அந்த மணி நேரங்களில் என்ன செய்தி போனது? முதல் சாவுகளுக்குக் காரணம் கள்ளச்சாராயம் இல்லை என்ற விளக்கம் மாவட்ட நிர்வாகத்திடமிருந்து வந்தது. வலிப்பு, வயிற்றுக் கோளாறு, முதுமை என்று வேறு காரணங்கள் சொல்லப்பட்டன. துக்கம் கேட்க வந்தவர்களில் சிலரும் அதே பாக்கெட்டை வாங்கிக் குடித்தார்கள் என்று அந்த நாட்களின் செய்திகளில் படித்தோம். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனை போதாமல் சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என்று நோயாளிகளை அனுப்பினார்கள். ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் சஸ்பெண்ட் ஆனார். விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. ஓய்வுபெற்ற நீதிபதி பி.கோகுல்தாஸ் தலைமையில் ஒரு நபர் ஆணையம். இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய். சாவு எண்ணிக்கை 65ஐத் தாண்டியது.

கருணாபுரம் எங்கோ காட்டுக்குள் இருக்கும் ஊர் இல்லை. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில். பட்டியல் சாதிக் குடும்பங்கள் நிறைந்த, கூலி வேலைக்குப் போகிறவர்களின் குடியிருப்பு. அங்கே பாக்கெட் விற்பது மாவட்டத் தலைநகரில் இருந்த பத்திரிகைக்காரர் ஒருவருக்கும் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்புவது கஷ்டம். தெரிந்தும் எழுதாமல் இருந்ததற்கு, எழுதியும் போடாமல் இருந்ததற்கு என்ன காரணம் என்பதுதான் கேள்வி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சம்பவம் வெளியே வந்ததும் எல்லா விரல்களும் கல்வராயன் மலையைச் சுட்டின. தொலைக்காட்சி வண்டிகள் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறின. ஊறல் போட்டுக் காய்ச்சுகிற சாராயம் நொதித்த சரக்கு. ஆளைக் கொன்ற மெத்தனாலோ தொழிற்சாலைச் சரக்கு. அது மலையில் விளைவதில்லை. விசாரணை பிறகு போன தடம் மலைக்கு எதிர்த்திசையில், புதுச்சேரிக்கும் சென்னைக்கும் போனது. மலை அதற்குள் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டிருந்தது.

மலையைப் பற்றி எழுத விஷயம் இல்லாமலா போயிற்று?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு கல்வராயன். சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டாகச் சொல்வார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம் வெள்ளிமலை, கரியாலூர். சேலம் பக்கம் கருமந்துறை. அங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்தோடு இவர்களுக்குச் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. நாடு விடுதலை அடைந்து கால் நூற்றாண்டு தாண்டியும் மலை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில்தான் இருந்தது. அவர்கள் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். 1976இல், கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த அதே ஆண்டில், அரசு இந்த மலையைத் தன் நிர்வாகத்துக்குள் எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் ஜமீன் ஒழிந்துவிட்டது என்று 1950களிலேயே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தத் தொடங்கியிருப்பார்கள். மலைக்கு அந்தப் பாடம் வந்து சேர இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

ஜாகீர் போன பிறகு வனத்துறை வந்தது. உழுத நிலம் யாருடையது என்ற வழக்கு தீரவில்லை. 2006இன் வன உரிமைச் சட்டம் உழுகிறவருக்கு உரிமை என்றது. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடை ஒன்றினால் உரிமைப் பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. மரவள்ளிக்கு விலை வைப்பது கீழே ஆத்தூர், சின்னசேலம் பக்கத்துச் சேகோ ஆலைகள். வேலை இல்லாத மாதங்களில் ஆண்கள் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். சிலரை ஏஜென்டுகள் ஆந்திரத்துக்குக் கூட்டிப் போகிறார்கள், செம்மரம் வெட்ட.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 பேரை ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டுக் கொன்றபோது தமிழ்நாடு முழுவதும் கொதித்தது. அவர்களில் பலர் ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பழங்குடிகள். 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. அவர்கள் கருமந்துறைப் பக்கத்துக்காரர்கள், கல்வராயன் மலையின் பிள்ளைகள். இரண்டு முறையும் நிருபர்கள் மலையேறினார்கள், அழும் பெண்களைப் படமெடுத்தார்கள், இறங்கினார்கள். ஏஜென்ட் யார், முன்பணம் கொடுப்பது யார், வெட்டிய கட்டை எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்று தொடர்ந்து எழுதியவர்கள் மிகச் சிலர்.

தமிழில் அரசியல் பத்தி எழுத்து என்றதும் கடந்த நாற்பது ஆண்டுகளில் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று ஞாநி. கள்ளக்குறிச்சியோடு அவருக்குத் தனி உறவு கிடையாது. செங்கல்பட்டில் 1954இல் பிறந்தவர், சென்னையில் வாழ்ந்தவர். ஆனாலும் முற்போக்கு இதழியல் எதைச் செய்ய முடிந்தது, எங்கே கை எட்டவில்லை என்று பார்க்க அவர் வாழ்க்கை நல்ல அளவுகோல்.

சங்கரன் என்பது இயற்பெயர். அப்பா வேம்புசாமியும் பத்திரிகையாளர். ஞாநி இந்தியன் எக்ஸ்பிரஸில் நிருபராகத் தொடங்கினார். 1978இல் 'பரீக்‌ஷா' நாடகக் குழு. 'தீம்தரிகிட' என்று சொந்தமாக இதழ் நடத்தினார். நின்றது, மறுபடி தொடங்கினார், மறுபடி நின்றது. சொந்தப் பத்திரிகை நடத்திக் கையைச் சுட்டுக்கொள்ளாத முற்போக்காளரைத் தமிழில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பரவலான வாசகர்களிடம் அவரைக் கொண்டுபோனது 'ஓ பக்கங்கள்' பத்தி. ஆனந்த விகடன், பிறகு குமுதம், பிறகு கல்கி என்று அது வீடு மாறிக்கொண்டே இருந்தது. எழுதியவர் மாறாமல் பத்திரிகை மட்டும் மாறுகிறது என்றால் காரணம் ஊகிக்க முடியாததா? அச்சில் இடம் கிடைக்காததை இணையத்திலும் முகநூலிலும் எழுதினார்; கடைசிக் காலத்தில் கேமரா முன்னாலும் உட்கார்ந்தார்.

எந்தக் கட்சிக்காரருக்கும் அவரைப் பிடித்ததில்லை. பெரியாரைப் பற்றி 'அய்யா' என்று படம் எடுத்தவர் அவர். அதே ஞாநி 2007இல், முதுமையில் இருக்கும் முதல்வர் கருணாநிதி ஓய்வெடுத்துக்கொள்ளலாமே என்று விகடனில் எழுதினார். எழுத்தாளர்கள் கூடிக் கண்டனக் கூட்டம் நடத்தினார்கள். எழுதிய விஷயத்தை விட்டுவிட்டு அவருடைய பிறப்பைப் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. சாதி ஒழிப்பு பேசுகிறவர்களே எதிராளியை வீழ்த்தச் சாதியை எடுப்பது தமிழ்ப் பொதுவெளியின் பழைய நோய். ஞாநி பதில் எழுதினார், அடுத்த வாரம் வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்.

அவருடைய கருத்துகளில் மூன்று, எல்லோரும் சிரித்த காலத்தில் சொல்லப்பட்டவை. ஒன்று 49ஓ. யாருக்கும் ஓட்டுப் போட விருப்பமில்லை என்று வாக்குச்சாவடியில் பதிவு செய்யும் விதியை வாராவாரம் எழுதி எழுதிச் சாதாரண வாக்காளருக்குத் தெரிய வைத்தார். அந்த விதியில் ரகசியம் கிடையாது. அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் நோட்டாவுக்கு வழி திறந்தபோது வழக்குப் போட்டது மனித உரிமை அமைப்பான பி.யு.சி.எல்.; ஆனால் தமிழ்நாட்டில் அந்த எண்ணைப் பிரபலமாக்கியதில் ஞாநிக்குப் பெரும் பங்கு. இரண்டு, கூடங்குளம். 'ஏன் இந்த உலைவெறி?' என்ற தலைப்பிலேயே அவருடைய குறும்பு தெரியும். உள்ளே அணு உலையின் கழிவு, செலவு, பாதுகாப்பு பற்றிய கேள்விகள். மூன்று, பதின்வயதுப் பிள்ளைகளுக்கான 'அறிந்தும் அறியாமலும்'. உடலைப் பற்றி வெகுஜன இதழில் கூச்சமில்லாமலும் கிளுகிளுப்பில்லாமலும் எழுதிக் காட்டினார்.

கே.கே. நகர் வீட்டுக் கொல்லையில் கிணற்றைச் சுற்றி 'கேணி' கூட்டங்கள் நடத்தினார். மேடை இல்லை, சால்வை இல்லை. 2014இல் ஆம் ஆத்மி கட்சியில் சேர்ந்து ஆலந்தூர் இடைத்தேர்தலில் நின்று தோற்றார். விரைவிலேயே கட்சியை விட்டும் வெளியே வந்தார். சிறுநீரகக் கோளாறோடு போராடியபடியே எழுதிக்கொண்டிருந்தவர், 2018 ஜனவரி 15 அன்று இறந்தார். உடல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனது.

ஞாநியின் பலம் கருத்து. அவர் எழுதிய வாரம் முழுக்க டீக்கடையில் அதைப் பற்றிச் சண்டை நடக்கும். ஆனால் பத்தி எழுத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது: செய்தி ஏற்கெனவே வந்திருக்க வேண்டும். வெள்ளிமலையிலிருந்து யாராவது ஒரு நிருபர் உண்மையைக் கொண்டுவந்தால்தான் சென்னையில் இருக்கும் பத்தி எழுத்தாளர் அதன்மேல் கேள்வி கேட்க முடியும். கொண்டுவருகிற ஆளின் கதை என்ன?

அதற்கு ஓர் உதாரணம் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. 2022 ஜூலை 13 அன்று சின்னசேலம் அருகே கனியாமூரில் ஒரு தனியார் பள்ளி விடுதியில் பிளஸ் 2 மாணவி இறந்து கிடந்தார். நான்கு நாட்களில், ஜூலை 17 அன்று, வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகத் திரண்ட கூட்டம் பள்ளிக்குள் புகுந்தது. பேருந்துகள் எரிந்தன, வகுப்பறைகள் நொறுங்கின. யூடியூப் அலைவரிசைகள் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு எழுதின. இணை விசாரணை நடத்துகிறவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றமே தலையிட வேண்டி வந்தது. அந்த ஜூலையில் கள்ளக்குறிச்சியைப் பற்றி வீடியோ போடாதவர்களே இல்லை. ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசியவர்கள் எத்தனை பேர்?

கூட்டம் கலைந்த பின்னும் விடாமல் தொடர்ந்தவர்களில் 'நக்கீரன்' ஒன்று. அதே ஆண்டு செப்டம்பரில், அதன் நிருபர் தாமோதரன் பிரகாஷும் புகைப்படக்காரர் அஜித்குமாரும் கனியாமூரில் செய்தி சேகரித்துவிட்டுக் காரில் திரும்பும்போது துரத்தப்பட்டார்கள். சேலம் மாவட்ட எல்லைக்குள் மறித்துத் தாக்கினார்கள். கார் கண்ணாடி உடைந்தது, இருவருக்கும் காயம். நக்கீரன் எழுதுவதில் பரபரப்பு அதிகம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. குறையில் நியாயமும் உண்டு. ஆனால் இந்தியப் பத்திரிகைச் சட்டத்தில் இந்த வாரமிருமுறை இதழுக்கு நிரந்தரமாக ஓர் இடம் இருக்கிறது. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் மிரட்டியபோது ஆசிரியர் கோபால் உச்ச நீதிமன்றம் போனார். 1994இல் வந்த தீர்ப்பு, பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம், தங்களைப் பற்றி வரப்போகும் எழுத்தை அதிகாரிகள் முன்கூட்டியே தடுக்க முடியாது என்றது. நாடெங்கும் இன்று மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. 2018 அக்டோபரில் ஆளுநர் பற்றிய செய்திக்காகக் கோபாலைக் கைது செய்து கொண்டுவந்தபோது எழும்பூர் நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்ப மறுத்தது.

தலைமை அலுவலகப் பெயர் உள்ள நிருபருக்கே நெடுஞ்சாலையில் அடி விழுகிறது. தாலுகா நிருபரின் நிலையை யோசிக்கலாம். அவர்களில் பலர் பகுதிநேரம்தான். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. கொண்டுவரும் விளம்பரத்தில் கமிஷன் உண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தலைவர் பிறந்த நாளுக்கும் வாழ்த்து விளம்பரம் தருவது யார்? ஒன்றியச் செயலாளர், ஒப்பந்ததாரர், தனியார் பள்ளி, நர்சிங் ஹோம். செய்தி தருவது யார்? காவல் நிலைய எழுத்தர், தாசில்தார் அலுவலகம். இந்த இரண்டு பட்டியலையும் கழித்துவிட்டு மிச்சமிருப்பவர்களைப் பற்றித்தான் அவர் துணிந்து எழுத முடியும். கருணாபுரம் பாக்கெட் பற்றி ஏன் எழுதவில்லை என்ற கேள்விக்கு முழுப் பதில் இது இல்லை என்றாலும், பாதிப் பதிலாவது இதில் இருக்கிறது.

பத்தி எழுதியவர், துரத்தப்பட்டவர், பகுதிநேரக்காரர். இவர்களிலிருந்து விலகி நான்காவது வழி ஒன்றைப் பிடித்தவர் ரவிக்குமார். இந்த மண்ணோடு நேரடித் தொடர்பு உள்ளவரும் அவரே. விழுப்புரம் மக்களவைத் தொகுதி உறுப்பினர் என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். அந்தத் தொகுதியின் ஆறு சட்டமன்றப் பிரிவுகளில் திருக்கோவிலூரும் உளுந்தூர்பேட்டையும் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கின்றன.

சீர்காழிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, வங்கியில் வேலை பார்த்தவர். 1990களில் அ.மார்க்ஸ், பொ.வேல்சாமி ஆகியோரோடு சேர்ந்து கொண்டுவந்த 'நிறப்பிரிகை', தமிழ்ச் சிற்றிதழ் உலகத்தில் தலித் அரசியலையும் புதிய கோட்பாடுகளையும் சண்டையோடு கொண்டுவந்து இறக்கியது. பிறகு 'தலித்', இன்னும் பிறகு 'மணற்கேணி'. பி.யு.சி.எல். அமைப்பில் மனித உரிமைப் பணி. 2003இல் எஸ்.ஆனந்தோடு 'நவயானா' பதிப்பகத்தைத் தொடங்கினார். சாதியைப் பற்றி மட்டுமே ஆங்கிலத்தில் நூல் போடும் பதிப்பகம் அப்போது புதுமை. ஆர்.அழகரசனோடு தொகுத்த தமிழ் தலித் எழுத்துகளின் ஆங்கிலத் தொகுப்பு 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. இதற்கிடையே வார இதழ்களிலும் நாளிதழ்களிலும் தன் வலைப்பூவிலும் அரசியல் கட்டுரைகள் எழுதிக்கொண்டே இருந்தார்.

அவர் எழுத்தின் தன்மை ஞாநியுடையதிலிருந்து வேறு. ஞாநி கேலி செய்வார். ரவிக்குமார் புள்ளிவிவரத்தைக் கொண்டுவந்து வைப்பார். வன்கொடுமை வழக்குகளில் எத்தனை தண்டனையில் முடிகின்றன, பஞ்சமி நிலம் எங்கே போனது, துணைத்திட்ட நிதி எப்படி வேறு கணக்குக்குத் திரும்புகிறது என்பவை அவர் திரும்பத் திரும்பக் கேட்பவை. இந்த வட்டாரத்துக்கு அந்தக் கேள்விகள் புத்தக விஷயம் இல்லை. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். கள்ளக்குறிச்சியும் அப்போது அதே தென்னார்க்காடு மாவட்டம். பெரியாரிய இயக்கத்தைத் தலித் பார்வையில் விமர்சித்து அவர் எழுதியபோது திராவிட அணியிலிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. ஞாநிக்கு ஒரு பட்டம் கட்டினார்கள் என்றால் இவருக்கு வேறொன்று.

2006இல் வங்கி வேலையை விட்டுவிட்டுக் காட்டுமன்னார்கோவிலில் விடுதலைச் சிறுத்தைகள் வேட்பாளராக நின்று சட்டமன்றத்துக்குப் போனார். அதன் பிறகு தோல்விகள். 2019இல் விழுப்புரத்தில் உதயசூரியன் சின்னத்தில் வெற்றி, 2024இல் அதே தொகுதியில் சொந்தக் கட்சியின் பானைச் சின்னத்தில் மறுபடியும். ஞாநிக்கு ஆலந்தூரில் கிடைக்காதது இவருக்குக் கிடைத்தது. விலை இல்லாமல் கிடைக்கவில்லை. ஆளும் கட்சியின் கூட்டணியில் இருக்கும் எழுத்தாளர், ஆளும் கட்சியை எந்த அளவு விமர்சிக்கலாம்?

அந்தக் கேள்வி கருணாபுரத்துக்குப் பிறகு எல்லோர் கண் முன்னாலும் வந்து நின்றது. 2024 அக்டோபர் 2 அன்று, காந்தி பிறந்த நாளில், விடுதலைச் சிறுத்தைகள் உளுந்தூர்பேட்டையில் மது ஒழிப்பு மகளிர் மாநாடு நடத்தினார்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், ரவிக்குமாரின் தொகுதிக்குள். முழு மதுவிலக்கு வேண்டும் என்பது தீர்மானம். அ.தி.மு.க.வும் வரலாம் என்று கட்சித் தலைவர் திருமாவளவன் சொன்னதும் கூட்டணி உடைகிறதா என்று சில வாரம் தொலைக்காட்சி விவாதம் ஓடியது. கடைசியில், அப்போது டாஸ்மாக் மதுக்கடைகளை நடத்திய அரசின் கட்சியான தி.மு.க.விலிருந்தே ஆர்.எஸ்.பாரதியும் டி.கே.எஸ்.இளங்கோவனும் மேடையேறினார்கள். சிரிக்கத் தோன்றும் காட்சிதான். ஆனாலும் கூட்டணியில் இருந்துகொண்டே ஆட்சிக்குத் தர்மசங்கடம் தரும் ஒரு கோரிக்கையைப் பல்லாயிரம் பெண்களைக் கூட்டி வைப்பது, வெளியிலிருந்து எழுதும் கட்டுரையால் ஆகாத காரியம். இரண்டில் எது பயனுள்ளது என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மாநாட்டுக்குப் பிறகும் டாஸ்மாக் கடைகள் திறந்தே இருந்தன என்பதையும் மறக்க முடியாது.

மதுவிலக்கு வரலாறும் இந்த மலையை உரசிக்கொண்டு போகிறது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி தலைமையிலான மாகாண அரசு மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்; கல்வராயனின் மேற்குப் பாதி அந்த மாவட்டம்தான். 1971இல் விலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1987 தொடங்கியபோது கள்ளும் சாராயமும் மட்டும் தடைக்குப் போயின, சீமைச் சரக்கு தங்கிவிட்டது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை அரசே டாஸ்மாக் மூலம் எடுத்துக்கொண்டது. ஒரு குவார்ட்டர் வாங்க முடியாத கூலிக்காரருக்கு மலிவான பாக்கெட்டை விட்டால் வேறு வழி இல்லை. கருணாபுரத்துக்கு ஓராண்டு முன்பு, 2023 மே மாதம், விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் 20க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. எக்கியார்குப்பத்திலிருந்து கள்ளக்குறிச்சி ஒன்றும் வேறு உலகம் இல்லை. தொழிற்சாலை மெத்தனால் எப்படி வெளியே கசிகிறது, கணக்குப் பார்ப்பது யார் என்று அந்த ஓராண்டில் ஒரு நாளிதழாவது தொடர் எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் மரக்காணம் அடங்கியதும் பக்கங்கள் வேறு விஷயத்துக்குப் போய்விட்டன.

கருணாபுரத்துக்குப் பிறகு சட்டம் கடுமையானது. 2024 ஜூன் இறுதியில் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் என்றார்கள். நவம்பர் 20 அன்று உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது, எதிர்த்துப் போன மாநில அரசின் மனுவை டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளியது.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று சத்தமில்லாமல் நடந்தது. 2024 ஜூலையில், நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு கல்வராயன் மலை மக்களின் நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை உண்டா, பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் உண்டா, ஆம்புலன்ஸ் போகுமா, ரேஷன் கடை எவ்வளவு தூரம் என்று அரசிடம் கேட்டது. முதல்வரோ அமைச்சரோ மலைக்கு நேரில் போய்ப் பார்க்கலாமே என்று நீதிபதிகள் யோசனை சொன்னார்கள். ஒரு பத்திரிகை கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை நீதிமன்றம் கேட்டது என்றால், நீதிபதிகளுக்குப் பாராட்டு. பத்திரிகைகளுக்கு அதில் பெருமைப்பட ஏதும் இல்லை. சாராயம் காய்ச்சுவதைத் தவிர வேறு பிழைப்பில்லாத இடமாக மலையை வைத்திருந்தது யார் என்பதே அந்த வழக்கின் உள்ளே இருக்கும் அரசியல் கேள்வி.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26 அன்று. அதோடு பத்திரிகைகளுக்கும் ஒரு மாவட்ட நிருபர் பதவி, ஓர் ஆட்சியர் அலுவலகம், வாரம் ஒரு குறைதீர்க்கும் கூட்டம் என்று செய்தி மூலங்கள் பெருகின. திங்கட்கிழமை காலை அந்தக் கூட்டத்துக்கு மனுவோடு மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களைப் பார்க்கலாம். வன உரிமைப் பட்டா கேட்டவர், சாதிச் சான்றிதழ் மறுக்கப்பட்டவர், ஆந்திரச் சிறையில் மகன் இருப்பவர். ஒவ்வொரு மனுவிலும் ஒரு செய்திக் கட்டுரைக்கு வேண்டிய பெயர், தேதி, அதிகாரியின் கையெழுத்து எல்லாம் இருக்கும். யாராவது மண்ணெண்ணெய் கேனோடு வந்தால் மட்டும் மறுநாள் படம் வரும். மற்ற மனுக்கள் சீல் குத்தப்பட்டு அந்தந்தத் துறைக்குப் போகின்றன.